காசநோய்: மாத்திரை இலவசம்தான், பிறகு ஏன் சிகிச்சை பாதியில் நிற்கிறது?

#1 பொருநை

சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண காசநோய்க்கு 6 மாதம் போதும். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என்று நான்கு மருந்து. அடுத்த 4 மாதம் பைரசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்று. ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். இருந்தும் ஆட்கள் நடுவில் நின்றுபோகிறார்கள். நிறையப் பேர் இருமல் தொடங்கி மாதக்கணக்கில் கழித்துத்தான் வருகிறார்கள். கூட்டங்களில் இதற்கு ஒரே பதில்தான் வருகிறது: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை."

அந்தப் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கூலித் தொழிலாளி எடுக்கும் முடிவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சளி கொடுக்க ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், எக்ஸ்ரேக்குத் தாலுகா மருத்துவமனைக்கு ஒரு நாள், மாத்திரை தொடங்க ஒரு நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிகளைப் பார்ப்பது காலை நேரத்தில். அவர் வேலைக்குக் கிளம்புவதும் அதே நேரம்தான். நான்கு நாள் கூலி போய்விடுகிறது, துணைக்கு வருபவர் கூலியும் சேர்ந்தால் எட்டு நாள். குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் ஒரு நோய் தின்றுவிட்டால் அதைப் பேரிடர்ச் செலவு என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. மருந்துக்கு ஒரு பைசா கொடுக்காத வீடுகளும் அந்தக் கோட்டைத் தாண்டுகின்றன. காரணம் கூலி இழப்பும் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்.

ஆகவே இந்த இழையில் ஒரு வேண்டுகோள். ஆள் எந்தப் படியில் நிற்கிறார், அங்கே எந்த விதி கை கொடுக்கிறது, எந்த விதி காலை வாருகிறது என்று எழுதுங்கள். பொது அறிவுரை வேண்டாம்.

#2 மருந்துச்சீட்டு

முதல் படி மருந்துக்கடை. இரண்டு வார இருமலுக்கு யாரும் நேராக அரசு மருத்துவமனைக்குப் போவதில்லை. கடையில் இருமல் சிரப், அது கேட்கவில்லை என்றால் பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு ஆன்டிபயாட்டிக். இங்கே பெரிய சேதம் செய்வது லிவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மருந்துகள். அவை காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அமுக்கும். ஒரு வாரம் இருமல் குறையும், காய்ச்சல் விடும், ஆள் வேலைக்குப் போய்விடுவார். கிருமி சாகாது. அந்த நேரத்தில் சளி எடுத்தால் முடிவு தவறாக 'இல்லை' என்று வரக்கூடும். இன்னொன்றும் உண்டு. மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு லிவோஃப்ளாக்சசின் முக்கிய ஆயுதம். அதை இருமலுக்குச் செலவழிப்பது நல்லதற்கில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அந்த வகை மருந்து கேட்டு யார் வந்தாலும் முதலில் சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

காசநோய் மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2012 முதல் காசநோய் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2018 மார்ச் அரசிதழ் அறிவிப்பில் மருந்துக்கடைகளும் அந்த வளையத்துக்குள் வந்தன. பல கடைக்காரர்கள் இதைப் போலீஸ் விவகாரமாகப் பார்த்து, "எங்கிட்ட ஸ்டாக் இல்ல" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நோயாளி அடுத்த தெருவுக்குப் போவார், அல்லது எங்கும் போகமாட்டார். தண்டனையைக் காட்டி எழுதிய விதி கடைசியில் ஆளைத்தான் மறைத்தது.

#3 கார்த்திகைப்பூ

மருந்துச்சீட்டு சார் சொன்னதற்கு அடுத்த படி சளி. இதில் நிறையப் பேர் காரணமே இல்லாமல் திரும்பிப் போகிறார்கள். டப்பாவில் எச்சில் இருந்தால் ஆய்வகம் நிராகரிக்கும், ஆள் மறுபடி வரமாட்டார். ஆகவே முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லித்தர வேண்டும். வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கவும். மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி நிறுத்தி, விடவும். இரண்டு மூன்று முறை. பிறகு அடிநெஞ்சிலிருந்து இருமி நேராக டப்பாவில். திறந்த வெளியில், பக்கத்தில் ஆள் இல்லாமல். 2 முதல் 5 மில்லி, கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ கலந்து இருந்தால் நல்லது. காலையில் எழுந்ததும் வருவதுதான் சிறந்தது என்பதால் டப்பாவை முந்தைய நாளே வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். ட்ரூநாட், சிபிநாட் கருவி இருக்கும் இடத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் கேட்குமா என்று இரண்டும் அன்றைக்கே தெரிந்துவிடும். மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பினால் கிருமி குறைவாக உள்ளவர்கள் விட்டுப்போவார்கள்.

அடுத்த ஆபத்தான இடம் ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை. இருமல் நின்றுவிடும், பசி வரும், உடம்பு தெம்பாகும். வேலைக்குக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் மாத்திரை ஒரு பாரமாகத் தெரியும். நான்கு மருந்து மூன்றாகக் குறையும் கட்டமும் அதுதான். "டாக்டரே குறைச்சிட்டாரு, அப்போ சரியாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை 56ஆம் நாள் வரும்போதே சொல்லிவிட வேண்டும்: சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமி செத்துவிட்டது, தூங்கும் கிருமி மிச்சம் இருக்கிறது, அடுத்த 4 மாதம் அதற்காக. தொடர்ந்து ஒரு மாதம் மருந்து விட்டால் அரசுக் காசநோய்த் திட்டக் கணக்கில் 'சிகிச்சையிலிருந்து விலகியவர்' ஆகிவிடுவார். அதுவரை காத்திருக்கக் கூடாது. மூன்றாம் நாளே ஆள் போய்ப் பார்க்க வேண்டும்.

பக்க விளைவுகளில் பயமுறுத்துவது ஒன்று, ஆபத்தானது வேறு. சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினால். ஒன்றும் செய்யாது, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து நிறுத்துவார்கள். குமட்டல் இருந்தால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடலாம், தப்பில்லை. கை கால் எரிச்சல், மரத்துப்போவது என்றால் பைரிடாக்சின் சேர்த்துத் தருவார்கள். ஆனால் கண் வெள்ளை மஞ்சளானால், விடாமல் வாந்தி எடுத்தால், சிறுநீர் கறுத்தால், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலும் சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாவிட்டாலும் அப்படியே. அது எத்தாம்பியூட்டால் வேலை.

#4 தெற்குவாசல்

எல்லாம் சரி. ஆனால் நடுவில் நிறுத்துபவர்களில் குடிக்கும் ஆண்கள் கணிசம். அதையும் கூலி, பயணம் என்று மூடி மறைக்க வேண்டாம். மாத்திரை வாங்க நேரமில்லை என்பவருக்கு டாஸ்மாக் போக நேரம் இருக்கிறதே?

#5 கார்த்திகைப்பூ

தெற்குவாசல் அண்ணா, குடி ஒரு பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் நாம் நடத்தும் விதம்தான் ஆளை விரட்டுகிறது. "குடிச்சிட்டு வந்தா மாத்திரை கிடையாது" என்று வாசலில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அவர் குடியை விடமாட்டார், மாத்திரையை விடுவார். திட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. குடிப்பவருக்கும் மருந்து உண்டு. கல்லீரல் பாதிப்பு கூடுதலாக வரும் என்பதால் தொடங்கும் முன் கல்லீரல் பரிசோதனை, பிறகு அறிகுறிகளைக் கூர்ந்து பார்ப்பது, அவ்வளவுதான் வித்தியாசம். குடிப்பது சாயங்காலம் என்றால் மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்ற வேண்டும், வேலைக்குக் கிளம்பும் முன். குடி மீட்பு ஆலோசனைக்குக் கைபிடித்து அனுப்ப வேண்டும், அதுவும் நிபந்தனையாக இருக்கக் கூடாது.

#6 சங்கமம்

இந்த விவாதத்துக்கு வேர் சென்னையிலேயே இருக்கிறது. 1950கள் வரை காசநோய் என்றால் சானடோரியம்: மாதக்கணக்கில் படுக்கை, நல்ல காற்று, நல்ல சாப்பாடு. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டது. ரயில் நிலையத்தின் பெயரில் இன்னும் இருக்கிறது. ஆனால் படுக்கைகளின் எண்ணிக்கையும் நோயாளிகளின் எண்ணிக்கையும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு மையம் தொடங்கின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு வீடு. இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்: ஐசோநியாசிடும், 'பாஸ்' என்ற அந்தக் கால மருந்தும். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், எடை குறைவாகவே ஏறியது, ஓய்வும் கிடைக்கவில்லை. ஆனாலும் கிருமி ஒழிந்ததில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒன்று. கூட இருந்த குடும்பத்தாரை 5 ஆண்டு கண்காணித்தும் வீட்டுச் சிகிச்சையால் கூடுதலாக நோய் பரவியதாகத் தெரியவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்களை மூடும் துணிவு இந்த ஆய்விலிருந்து வந்தது. வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்றால், குடும்பத்தைப் பிரிய வேண்டியதில்லை. கோடிக்கணக்கான ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டியதே இதனால்தான்.

ஆனால் கொள்கை வகுத்தவர்கள் அதிலிருந்து கூடவே இன்னொரு முடிவையும் எடுத்துக்கொண்டார்கள்: சாப்பாடு முக்கியமில்லை, மாத்திரை போதும். அந்த ஆய்வு அதைக் காட்டவில்லை. மருந்தை முழுமையாக, கண்காணிப்போடு எடுப்பவருக்குக் கிருமி ஒழியும் என்று காட்டியது. எலும்பும் தோலுமாக வருபவர் முதல் மாதத்திலேயே இறப்பதும், பட்டினி வீட்டில் அடுத்தவருக்கு நோய் கிளம்புவதும் வேறு கேள்விகள். அவற்றுக்குப் பதில் வர இன்னும் 60 ஆண்டு ஆனது.

#7 நெய்தல்

அந்தப் பதில் ஜார்க்கண்டிலிருந்து வந்தது. 2019 முதல் 2022 வரை 4 மாவட்டங்களில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு, 2023இல் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப்பொருள்: அரிசி, பருப்பு வகை, பால்பவுடர், எண்ணெய். நாளுக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம். பாதி வீடுகளில் மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். நோயாளிகளில் முதல் 2 மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தைப் போல வேலை செய்திருக்கின்றன.

இப்போது நம் பக்கம் வருவோம். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு தரும் பணம் நிக்ஷய் போஷண் யோஜனா. அது 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாய். 6 மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணை: கண்டறிந்ததும் 3,000, 84 நாள் முடிந்ததும் 3,000. இதை வைத்து என்ன வாங்கலாம்? தினம் அரை லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் 20 ரூபாய் என்று மாதம் 600. தினம் 2 முட்டை, ஒன்று 6, 7 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 400. 1,000 ரூபாய் முடிந்தது. கிடைத்த புரதம் பாலில் 16 கிராம், முட்டையில் 12, மொத்தம் 28. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ துவரம்பருப்பு முழுவதையும் நோயாளி ஒருவரே சாப்பிட்டால் நாளுக்கு இன்னொரு 7. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 50 கிராம், 12. ஆக 47. ஜார்க்கண்டில் கொடுத்த புரத அளவை ஏறத்தாழ எட்டிவிடலாம்.

பிரச்சினை, எந்த வீட்டிலும் நோயாளி மட்டும் தனியாக முட்டை சாப்பிடுவதில்லை. தாய் நோயாளி என்றால் இரண்டு முட்டையும் பிள்ளைகளின் தட்டுக்குப் போகும். அதைத் தடுக்கச் சொல்வது எந்தத் தாயிடமும் எடுபடாது, எடுபடவும் கூடாது. வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்து உதவியைக் கணக்கிட வேண்டும். 2024இல் நிக்ஷய் மித்ரா உணவுத் தொகுப்பைக் குடும்பத்தாருக்கும் நீட்டித்தார்கள், ஆனால் அது நன்கொடையாளர் கிடைப்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் அரிசி எல்லா அரிசி அட்டைக்கும் இலவசம். தட்டுவது பருப்பும் எண்ணெயும்தான். நோயாளி உள்ள அட்டைக்கு 6 மாதத்துக்குக் கூடுதலாக 3 கிலோ பருப்பு என்று ஒரு உத்தரவு போட்டால், கடை இருக்கிறது, கருவி இருக்கிறது, வரிசை இருக்கிறது. புது நிர்வாகம் எதுவும் வேண்டாம்.

#8 கணக்கர்

நெய்தல் அக்கா சொன்ன 3,000 ரூபாய் எங்கே சிக்குகிறது என்று எழுதுகிறேன். பணம் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் அசைவில்லாமல் கிடந்தால் செயலற்றதாகி, பணம் நிராகரிக்கப்படலாம். ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் இனிஷியல் மாறிய பெயர் என்றால் நிற்கும். 2020இல் வங்கிகள் இணைந்தபோது பழைய கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியது; பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஏற்றினால் திரும்பிவிடும். இன்னொரு சிக்கல், பணம் போய்விடும், ஆனால் நோயாளி பார்க்கும் கணக்குக்குப் போயிருக்காது. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு மேப்பிங் ஆகியிருக்கிறதோ அங்கே போயிருக்கும். குறைந்தபட்ச இருப்பு வைக்காத கணக்கில் விழுந்தால் சில வங்கிகள் அபராதத்தை முதலில் பிடித்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: மாத்திரை தொடங்கும் நாளிலேயே பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எஸ்டிஎஸ்ஸிடம், அதாவது முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கணக்கு சந்தேகமென்றால் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் பூஜ்ய இருப்புக் கணக்கு, ஆதாரும் கைரேகையும் போதும், தபால்காரரே வீட்டில் வந்து திறப்பார். திறக்கும்போதே ஆதார் இணைப்பையும் அதற்கு மாற்றச் சொல்லுங்கள். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை எடுப்பவருக்கும் இந்தப் பணம் உண்டு. காசநோயாளிகளைப் பதியும் அரசு இணையதளமான நிக்ஷய் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவு எண் இல்லாமல் ஒரு ரூபாயும் வராது. மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்யும் தனியார் மருத்துவருக்கும் 500 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு, அவருக்கும் இழப்பில்லை.

விவசாயத் தொழிலாளிகள் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். காசநோய்ச் சிகிச்சைக் காலத்துக்கு அதிலும் மாதம் 1,000 தற்காலிக இயலாமை உதவித்தொகை இருக்கிறது. சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மருத்துவச் சான்றோடு மனு. இது தெரிந்து கேட்பவர்கள் மிகக் குறைவு.

#9 பனியன்நகர்

தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு இதைவிடப் பெரிய உரிமை இருக்கிறது, பயன்படுத்துவதில்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்து இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் செய்யப்படுபவர் என்றால், நோய்க்கால உதவியாக 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், தொடர்ந்து 2 ஆண்டு பணியில் இருந்து முந்தைய 4 பங்களிப்புக் காலத்தில் 156 நாள் சந்தா கட்டியிருந்தால், நீட்டிக்கப்பட்ட உதவியாக 80 சதவீதம் கிடைக்கும், 2 ஆண்டு வரை. அதாவது 6 மாதச் சிகிச்சை முழுவதும் வீட்டில் இருந்தே கூலியில் பெரும்பகுதி வாங்க முடியும்.

நடப்பது என்ன? பனியன் கம்பெனியில் பாதிப் பேர் பீஸ்ரேட், கான்ட்ராக்டர் ஆள். சீசன் முடிந்ததும் பெயர் ரோலில் இருந்து எடுக்கப்படும், அடுத்த சீசனில் வேறு கான்ட்ராக்டர். ஒரே ஊரில் பத்து வருடம் தைத்தவருக்கும் தாளில் 2 ஆண்டுத் தொடர்ச்சி இருக்காது. 78 நாள் சந்தா இல்லாததால் சாதாரண 70 சதவீதமும் நழுவும். பிடித்தம் செய்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை இஎஸ்ஐ தளத்தில் காப்பீட்டு எண் போட்டுப் பார்க்கலாம். நோய் வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. இன்னொரு தவறு: அரசுக் காசநோய் மையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போகாமலே இருந்துவிடுவது. மாத்திரை எங்கே வாங்கினாலும், உதவிக்கு இஎஸ்ஐ மருத்துவரின் சான்று இடைவெளி இல்லாமல் வேண்டும். நடுவில் ஒரு வாரம் விட்டால் அந்த வாரக் கூலி இல்லை. உதவி வாங்கும் நாட்களில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது இஎஸ்ஐ சட்டத்தில் நெடுங்காலமாக இருந்த பாதுகாப்பு. அதனால் கடிதம் கொடுக்காமல் நின்றுவிடாதீர்கள். எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நோய் என்றதும் ஊருக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். போவதைத் தடுக்க முடியாது. நிக்ஷய் எண்ணை அந்த மாவட்டத்துக்கு மாற்றிவிட்டு, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினால் தொடர்ச்சி போகாது. இங்கேயே இருப்பவருக்கு, தேசிய உணவுப் பாதுகாப்பு அட்டை இருந்தால், ஆளுக்கு 5 கிலோ தானியத்தை இங்குள்ள ரேஷன் கடையில் வாங்கலாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடு அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஊரில் குடும்பம் ஏற்கெனவே வாங்கியிருந்தால் மட்டும் அவர் பங்கு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

#10 தெற்குவாசல்

பனியன்நகர், இதுவரை இந்த 80 சதவீத விவரத்தை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. ஒரு கேள்வி. உணவு, பணம் எல்லாம் கொடுத்தாலும் முதல் மாதத்திலேயே இறப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி?

#11 கார்த்திகைப்பூ

அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினார்கள். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் 2 மாதத்தில். ஆகவே கண்டறிந்த உடனே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று பிரிக்க வேண்டும். எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ தேவையில்லாமல், செவிலியரே பார்க்கக்கூடிய அளவுகோல்கள்: பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 14 அல்லது அதற்குக் கீழ், அல்லது 16க்குள் இருந்து இரு கால்களிலும் வீக்கம், மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல், அல்லது ஆக்சிஜன் 94க்குக் கீழ், பிடிமானம் இல்லாமல் நிற்க முடியாத நிலை. இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பிஎம்ஐ 14 என்றால் எவ்வளவு மோசம் என்பதற்கு: 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 36 கிலோ. அவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை 47.

தேவையானது எடைக்கருவி, உயரம் அளக்க நாடா, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கைக்கடிகாரம். மூச்சை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும்; 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தில்தான் ஆள் தவறிப்போகிறார். எடை பார்ப்பதில் இன்னொரு பயன், மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 25 முதல் 34 கிலோ வரை 2, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4, 65 முதல் 75 வரை 5. எடை ஏறி அடுத்த கட்டத்துக்குப் போனால் அளவை மாற்ற வேண்டும்.

பட்டினி உடம்புக்கு ஒரே நாளில் வயிறு முட்டச் சோறு போடுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று சரிந்து இதயம் நிற்கலாம். அதனால்தான் மிக மெலிந்தவருக்கு உணவை மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்கிறோம்.

சேர மறுப்பவர்கள் உண்டு. "பிள்ளைகளை யார் பாப்பாங்க, ஆட்டை யார் மேய்ப்பாங்க" என்று கேட்கிறார்கள். கூட ஒருவர் இருக்க வேண்டும் என்று வார்டில் கட்டாயப்படுத்தினால் இரண்டு கூலி போகும். துணையாள் இல்லாமல் சேர்க்கும் வார்டு, துணையாளுக்கும் சாப்பாடு, இந்த இரண்டையும் மருத்துவமனை நிர்வாகமே முடிவு செய்ய முடியும்.

#12 வெண்ணிலவு

பெண்கள் பற்றி யாரும் எழுதவில்லையே. கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால் வீடே மறைக்கிறது. ஜீப்பில் வந்து வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். சந்திப்பை அங்கன்வாடியிலோ வேலை செய்யும் இடத்தின் பக்கத்திலோ வைத்துக்கொள்ள முடியாதா? மாத்திரை உறையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் 99டாட்ஸ் முறையும் வீட்டில் ஒரே போன், அது கணவர் கையில் என்றால் வேலைக்கு ஆகாது. பால் கொடுக்கும் தாய் நிறுத்த வேண்டுமா?

#13 நெய்தல்

நிறுத்தக் கூடாது, வெண்ணிலவு. பால் வழியாக நோய் வராது, மருந்தும் குழந்தையைப் பாதிக்கும் அளவில் போகாது. தொற்றும் நிலையில் தாய் இருந்தால் முகக்கவசம் போட்டுக் கொடுக்கலாம். குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். கர்ப்பத்திலும் இந்த நான்கு மருந்தும் தொடரலாம். ஒன்றை மட்டும் எல்லாப் பெண்களிடமும் சொல்ல வேண்டும்: ரிஃபாம்பிசின், கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். சிகிச்சை முடியும்வரை காப்பர் டி அல்லது ஆணுறை. சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே மருந்து அதன் பலத்தைக் குறைப்பதால் சர்க்கரை ஏறும். அளவைக் கூட்டவோ இன்சுலினுக்கு மாறவோ வேண்டியிருக்கும்.

தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. காற்று வழியாகத்தான். மருந்து கேட்கும் வகை என்றால் சிகிச்சை தொடங்கி 2 வாரத்தில் தொற்றுத்தன்மை பெருமளவு குறைந்துவிடும். தனித் தட்டு வைப்பதை விட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

சந்திக்கும் இடம் பற்றிக் கேட்டது நியாயமான கோரிக்கை. பதிவு செய்யும்போதே "எங்கே பார்க்கலாம், எந்த நம்பருக்கு, எத்தனை மணிக்கு" என்று கேட்டுச் சிகிச்சை அட்டையில் குறித்துக்கொள்ள எந்த உத்தரவும் தேவையில்லை.

#14 மருந்துச்சீட்டு

ஒன்று விட்டுப்போனது. இவ்வளவும் சரியாக இருந்தும் மாத்திரையே இல்லாவிட்டால்? 2024 தொடக்கத்தில் அரசு மையங்களில் கூட்டு மாத்திரை தட்டுப்பாடு. மார்ச்சில் மாநிலங்களே உள்ளூரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு எழுதியது. சில இடங்களில் ஒரு மாதத்துக்குப் பதில் ஒரு வார மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒரு நாள் கூலியை விட்டு வரச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளியே கடையில் வாங்கும் கிட் பாக்கெட்டில் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும், எடைப்படி இருக்காது. 35 கிலோ பெண்ணுக்கும் 60 கிலோ ஆணுக்கும் அதே பாக்கெட்டைக் கொடுக்கக் கூடாது. அப்படி ஒரு நிலை வந்தால் மருத்துவரிடம் எடையைச் சொல்லித் தனித்தனி மாத்திரையாக எழுதி வாங்குங்கள். ரிஃபாம்பிசினை மட்டும் விட்டு மற்றதைச் சாப்பிடுவது, இருப்பதைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடுவது இரண்டும் மருந்து எதிர்ப்புக் கிருமியை உருவாக்கும் நேரான வழி.

#15 பொருநை

எல்லோருக்கும் நன்றி. சங்கமம் சொன்ன கோட்டில் ஒரு செய்தி சேர்க்கிறேன். பிரேசிலில் போல்சா ஃபமிலியா என்பது காசநோய்த் திட்டமே அல்ல. 2003 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம், பிள்ளைகளின் பள்ளியையும் தடுப்பூசியையும் நிபந்தனையாக வைத்து. 5 கோடிக்கும் அதிகமானோரின் பதிவுகளை வைத்து 2025இல் வந்த ஆய்வு, மிக ஏழ்மையான குடும்பங்களில் காசநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாகக் காட்டியது. நம்மிடம் மகளிர் உரிமைத் தொகை, ரேஷன், முதியோர் உதவித்தொகை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. காசநோய்ப் பதிவேட்டை அவற்றோடு ஒப்பிட்டு, நோயாளி வீட்டில் தகுதியிருந்தும் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்கும் வேலையை மாவட்ட ஆட்சியர் ஒருவர் நினைத்தால் தொடங்கலாம்.

கடைசியாக, வீட்டில் உள்ள மற்றவர்கள். எல்லோரையும் சோதிக்க வேண்டும்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை, முடிந்தால் எக்ஸ்ரே. நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்து, தினம் ஐசோநியாசிட் 6 மாதம், அல்லது வாரம் ஒரு முறை ஐசோநியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து 12 வாரம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் முதலில். "நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மாத்திரை" என்று வீடுகளில் கேட்பார்கள். வாரம் ஒரு நாள், பன்னிரண்டே முறை என்று சொன்னால் ஒப்புக்கொள்வது எளிது. எந்தக் கிழமை என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை வீட்டு நாள்காட்டியில் குறித்துக் கொடுங்கள். சந்தேகம் இருப்பவர்கள் 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். இஎஸ்ஐ சான்று, வங்கிக் கணக்கு சம்பந்தமான கேள்விகளை இந்த இழையிலேயே தொடருங்கள். பனியன்நகரும் கணக்கரும் பார்த்துப் பதில் சொல்வார்கள்.